மூணு தடவ கேட் வரைக்கும்
ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விடணும்னு நெனைக்கிறவங்க ஒண்ணா கூடி பேசுறது) மீட்டிங்குக்கு போறேன்னு வீட்ல சொல்லிட்டு மூணு தடவ சர்ச் கேட் வரைக்கும் போயி, உள்ள தெரிஞ்ச மூஞ்சி ஏதாச்சும் இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயந்து வண்டிய திருப்பிட்டேன், நாலாவது தடவ செம மழை, ஒதுங்க வேற எடம் இல்ல, உள்ள போய்ட்டேன் 😄

சின்னப் பசங்க படிக்கிற ரூமு, அந்த பெஞ்சுல கால மடக்கவே முடியல. யாரும் ஊரு, வேலை எதுவும் கேக்கல. பீஸு கெடையாது, கடைசில ஒரு பை சுத்தி வருது, முடிஞ்சா போடலாம். ஒருத்தர் டீ குடுத்தாரு, கை நடுக்கத்துல பாதி சட்டைல. அடுத்த ரவுண்டு எனக்கு மட்டும் அரை கிளாஸ்தான் ஊத்துனாரு, ஒரு வார்த்தை சொல்லல.

1935ல அமெரிக்காவுல ஆக்ரன்ங்குற ஊர்ல ரெண்டு குடிகாரங்க, அதுல ஒருத்தர் டாக்டர் வேற, உக்காந்து பேசி ஆரம்பிச்சதாம் இது.

ஒண்ணு, தினம் குடிக்கிறவங்க பட்டுனு நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரலாம் (எனக்கு வந்துச்சு), டாக்டர பாத்துட்டு நிறுத்துங்க. வீட்ல இருக்கவங்களுக்கு அல்-அனான்னு தனி மீட்டிங் இருக்கு. என் பொண்டாட்டி அங்க போறா. என்ன பேசுனீங்கன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்குறா.