ஆயி மண்டபத்துப் பக்கம்

இன்று மாலை புதுச்சேரி பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கதை வட்டம். மாஹேக்காரப் பெண், வடமலபார் வீரன் தச்சோளி ஒதேனன் கதையை எடுத்தாள். வடக்கன் பாட்டு என்ற வீரக்கதைப் பாடலில் ரெண்டு வரியை மலையாளத்திலேயே பாடிவிட்டு, அப்புறம் தமிழில் சொன்னாள்.

அதுதான் சரி. வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கதை செத்துவிடும்.

நீங்களும் இப்படி ஒரு வட்டம் நடத்தினால், 8 பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 5 நிமிடம். காரைக்கால்காரர் அம்மையாரின் மாம்பழத்தைச் சொல்லட்டும், கடலூர்க்காரர் அப்பர் கல்லோடு கரையேறியதை.

சிக்கல் "இது உண்மையா?" என்ற கேள்வியில்தான் வரும்.

ஆயி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் தாசி ஆயியின் வீட்டைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவளே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாளாம்.

எந்த ராஜா என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிச்சம். "உங்களுக்கு யார் சொன்னது, எந்த நேரத்தில் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். பாட்டி, நடவு, வலை பின்னும் நேரம் என்று பேச்சு தானாக விரியும்.

நீதி கேட்காதீர்கள். கேட்டால் அடுத்தவர் ஒழுக்கக் கதையாகத் தேடுவார். பேய்க்கதையும் கேலிக்கதையும் வாயிலேயே நின்றுவிடும். (ருசியே அதில்தான்.)

ஏனாம்காரரைக் கடைசியில் வைக்காதீர்கள். நேரம் போதாமல் வெட்டுப்படுவது தெலுங்குக் கதைதான்.