பாரமீசியத்துக்குச் சகிக்கத் தெரியாது

நான் மொழிபெயர்த்துக் கொடுத்த உயிரியல் கட்டுரை ஒன்று சென்ற வாரம் திருத்தங்களோடு திரும்பி வந்தது. 'சகவாழ்வு' என்று எழுதியிருந்த இடங்களிலெல்லாம் 'சகிப்புத்தன்மை' உட்கார்ந்திருந்தது. திருத்தியவரைக் குறை சொல்ல முடியாது. காதுக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரிதான். ஆனால் 'சக' என்றால் உடன், கூட. 'சகி' என்றால் பொறுத்துக்கொள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போக ஓர் ஆள் போதும்.

கட்டுரை ரஷ்ய உயிரியலாளர் ஜார்ஜி காஸ் 1934-இல் வெளியிட்ட சோதனைகளைப் பற்றியது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் இரண்டு இனங்களைத் தனித்தனியாக வளர்த்தார், இரண்டும் செழித்தன. ஒரே குழாயில், ஒரே இரை கொடுத்து வளர்த்தபோது காடேட்டம் என்ற இனம் நாளடைவில் அழிந்தே போனது. ஒன்றையொன்று கடித்துத் தின்னவில்லை. ஒரே இரைக்கு இரண்டும் வாய் திறந்ததுதான் வினை. தோற்ற அதே காடேட்டத்தை பர்சேரியா என்ற வேறோர் இனத்தோடு விட்டுப் பார்த்தார். இப்போது இரண்டுமே பிழைத்தன! காடேட்டம் மேலே மிதந்த பாக்டீரியாவைத் தின்றது. பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்ட்டைத் தின்றது.

இதை மொழிபெயர்க்கும்போது அண்ணன் நினைவுதான் வந்தது. எங்களுக்கு ஒரே அறை, ஒரே மேசை. நடுவே சாக்பீஸால் கோடு போட்டோம். விளக்கு அவன் பக்கம், ஜன்னல் என் பக்கம். கோடு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அப்புறம் எப்படியோ அவன் விடிகாலையில் எழுந்து படிக்கிறவன் ஆனான், நான் நள்ளிரவு வரை விழித்திருப்பவள் ஆனேன். யாரும் உட்கார்ந்து பேசவில்லை. இருவருக்கும் முழு மேசை கிடைத்தது. பாசம் ஒன்றும் கூடிவிடவில்லை, என் பேனாக்கள் காணாமல் போய்க்கொண்டுதான் இருந்தன.

உட்கார்ந்து பேசியவர்களும் உண்டு. 1954 ஏப்ரல் 29 அன்று இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட பஞ்சசீலத்தில் ஐந்தாவது கொள்கையே சமாதான சகவாழ்வு. 1962-இல் போர். எங்கள் மேசையில் கோடு இருந்தும் சண்டை; அங்கே கோடு எது என்பதிலேயே சண்டை.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். எல்லா இடத்திலும் 'சகவாழ்வு' என்று மறுபடி மாற்றி அனுப்பிவிட்டேன். ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'பாரமீசியத்துக்குச் சகிக்கத் தெரியாது.'