பூப்பதற்கு முந்தைய மாதங்களில் ஒலிவ இலைகள்: பலெர்மோவில் ஒரு பரிசோதனை

சிசிலித் தீவில், பலெர்மோ நகருக்கு வெளியே நான் பராமரித்துவரும் சிறு ஒலிவத் தோட்டத்தில் செரசுவோலா, பியாங்கொலில்லா ஆகிய இரண்டு இனங்களும் கலந்து நிற்கின்றன. இலையுதிர்காலத்தில் காய் பறித்து முடிந்ததிலிருந்து மே மாதத்தில் பூக்கும் வரை இலைகளிலுள்ள சத்துகள் எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிய விரும்பி, அறுவடை முடிந்தபோதும், நடுக்குளிரிலும், மார்ச்சிலும், பூங்கொத்துகள் தெளிவாக வெளிப்பட்ட ஏப்ரல் இறுதியிலும் இலைகளைச் சேகரித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன்.

ஒலிவுக்கு வழக்கமான இலைப் பரிசோதனை ஜூலையில், அவ்வாண்டுத் தளிரின் நடுப்பகுதியில் முதிர்ந்த இலைகளைக் கொண்டு செய்யப்படுவது. நைதரசன் 1.5 முதல் 2 சதவீதம், பொசுபரசு 0.1 முதல் 0.3 சதவீதம், பொற்றாசியம் 0.8 சதவீதத்துக்கு மேல் என்னும் அளவுகோல்கள் யாவும் அந்த ஜூலை இலைக்கே உரியவை. இவற்றை ஏப்ரல் இலையின் மீது அப்படியே பொருத்தினால் நலமான மரமும் நோயாளியாகத் தெரியும். ஆகவே எண்களை அளவுகோலோடு ஒப்பிடாமல், ஒரே மரத்தின் முந்தைய எண்களோடு ஒப்பிடுவதென்று முடிவு செய்தேன்.

வேலையில் கடினமானது இலைகளைப் பிரிப்பதுதான். ஒலிவ இலை இரண்டு மூன்று ஆண்டுகள் மரத்திலேயே இருப்பதால், ஒரே கிளையில் வெவ்வேறு வயது இலைகள் அடுத்தடுத்து நிற்கும். கடந்த ஆண்டுத் தளிரின் இலைகளையும் அதற்கு முந்தைய இலைகளையும் தனித்தனிக் காகிதப் பைகளில் இட்டேன். பிரித்தது சரிதானா என்பதைக் கல்சியத்தைப் பார்த்தே அறியலாம். அது இலையைவிட்டு நகராமல் வயதோடு சேர்ந்துகொண்டே போவதால், முதிய இலைப் பையில் கல்சியம் குறைந்திருந்தால் இளம் இலைகள் கலந்துவிட்டன என்று பொருள்.

குளிர்காலத்தில் நைதரசன் பெரிதாக அசையவில்லை. மார்ச்சுக்குப் பின்னர் முதிய இலைகளில் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் இறங்கத் தொடங்கின. கல்சியம் மட்டும் ஏறியது. இச்சமயத்தில் முதிய இலைகள் மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு பசளை போட ஓடுபவர்கள் பலர். உண்மையில் மரம் அவ்விலைகளில் வைத்திருந்த சேமிப்பை எடுத்துப் புதுத்தளிருக்கும் பூங்கொத்துக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வேர் மண்ணிலிருந்து போதிய அளவு உறிஞ்சத் தொடங்குமுன் எழும் தேவையை இந்தச் சேமிப்பே பெருமளவு ஈடுசெய்கிறது.

மிகுந்த வேறுபாட்டைக் காட்டியது, அருகருகே நிற்கும் இரண்டு செரசுவோலா மரங்கள். ஒன்று கடந்த பருவத்தில் கிளை தாழக் காய்த்தது. மற்றொன்று ஏறக்குறைய ஓய்வெடுத்தது. காய்கள் பொற்றாசியத்தைப் பெருமளவில் எடுத்துச் செல்வதால், காய்த்த மரத்தின் இலைகளில் அது அறுவடைக்குப் பிறகே தாழ்ந்திருந்தது. வசந்தத்திலும் அது மீளவில்லை. அம்மரத்தில் பூங்கொத்துகளும் மிகக் குறைவு. இதற்குப் பொற்றாசியக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல நான் தயாரில்லை. அடுத்த ஆண்டின் பூ மொட்டுகள் முந்தைய கோடையிலேயே தீர்மானிக்கப்படத் தொடங்குகின்றன. அப்போது மரத்திலுள்ள காய்களின் வித்துகள் அதைத் தடுக்கின்றன. குளிர்கால இறுதியில் பூவின் உறுப்புகள் உருவாகும்போது சத்து எவ்வளவு இருந்தாலும், தீர்மானிக்கப்படாத மொட்டு பூவாகாது.

ஓய்வெடுத்து இம்முறை பூத்த மரத்தில் வேறொன்றைக் கவனித்தேன். பூப்பதற்கு முந்தைய வாரங்களில் நீரோ நைதரசனோ போதாவிட்டால் சூலகம் வளராமல் நின்று, மகரந்தம் மட்டுமுள்ள பூக்கள் பெருகும். சில அரும்புகளைப் பிரித்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் சூலகம் பச்சையாகத் திரண்டிருந்தது. நல்ல ஆண்டிலும் ஒலிவில் நூறு பூக்களுக்கு ஓரிரண்டே காயாக நிலைக்கும் என்பதால் சில கருகுவது கவலைக்குரியதன்று.

போரன் என்னும் நுண்சத்து பற்றியும் ஒரு சொல். பல தாவரங்களில் இது இலையிலேயே தங்கிவிடும். ஒலிவிலோ மனிற்றோல் என்னும் சர்க்கரை மதுசாரத்தோடு பிணைந்து நகரக்கூடியது. அதனால்தான் பூப்பதற்குமுன் இலையில் தெளித்த போரன் பூவுக்கும் போய்ச் சேர்கிறது. இம்முறை இலைகளில் அது போதிய அளவு இருந்ததால் நான் தெளிக்கவில்லை. மிகையானால் நச்சாகும் சத்தை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் தெளிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நைதரசனும் இடவில்லை. காய்த்துக் களைத்த மரத்துக்குப் பொற்றாசியம் தேவையா என்பதை ஜூலை இலைகளைப் பரிசோதித்த பின்னரே தீர்மானிப்பேன்.