காட்டெருமை இடித்த காருக்கு இன்சூரன்ஸ்

கோத்தகிரி சாலையில் இருட்டிய நேரத்தில் காட்டெருமை ஒன்று குறுக்கே பாய்ந்தது. பானெட் மடங்கி, இடது ஹெட்லைட் ஒயரில் தொங்கியது. எங்களுக்கு ஒன்றுமில்லை, அதுவும் எழுந்து தேயிலைக்குள் போய்விட்டது, நல்லவேளை.

அங்கேயே போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குப் போன் செய்தேன். மெக்கானிக் தம்பி, "இப்பவே பிரிச்சுடறேண்ணா, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். கூடவே கூடாது. கம்பெனி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றவிடாதீர்கள், கிளைம் சிக்கலாகிவிடும். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் இந்தச் சேதத்துக்குப் பைசா கிடைக்காது.

வேலை முடியும்வரை மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் வேறொரு கார் கொடுத்தார்கள். நம் நாட்டில் பாலிசி வண்டியோடுதான் போகும், ஓட்டுபவரோடு அல்ல. என் பாலிசி அந்தக் காருக்குச் செல்லாது. அதனால் ஆர்.சி.யையும், பாலிசி முடியும் தேதியையும் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன். ஏற்கெனவே இருந்த கீறல்களையும் அவர்கள் கண்முன்னே போட்டோ எடுத்தேன். வெள்ளை நம்பர் பிளேட் (சொந்த உபயோக) காருக்கு வாடகை கேட்டால் தயவுசெய்து அந்தக் காரை எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்துக்கு உதவாது.

மாற்றுக் கார் செலவுக்குத் தினப்படி தரும் ஆட்-ஆனும் (பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி) உண்டு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கேளுங்கள்.