புட்டிப்பாலும் மதுரை வெயிலும்

மருத்துவர் சொல்லிக் கைக்குழந்தைக்குப் பால் மாவு வாங்கும் பலருக்கும், புது டப்பாவில் இருக்கும் மாவுகூடக் கிருமி நீக்கப்பட்டதன்று என்பது தெரிவதில்லை. கொதிக்கவைத்த நீரை அரை மணி நேரத்திற்குள், 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூட்டில் கலந்தால்தான் குரோனோபாக்டர் போன்ற கிருமிகள் சாகும். பிறகு மூடிய புட்டியை ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். சித்திரையில் மதுரைக் குழாய்நீரே சுடுவதால், எங்கள் வீட்டில் பானைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில்தான் புட்டியை நிறுத்துகிறோம்.

கலந்த பால் வெளியில் 2 மணி நேரத்திற்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும் என்றாலும், மின்வெட்டு நாளில் நான் அதை நம்புவதில்லை. குழந்தை வாய் வைத்த மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான். வீணாகிறதே என்று மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவது பெருங்கேடு. டப்பாவில் சொன்ன விகிதத்திலேயே கொஞ்சமாகக் கலந்து, பிள்ளை இன்னும் அழுதால் மறுபடி கலப்பதே சிக்கனம்.