ஒரு கண்டன்சருக்காக நான்கு மாதம்: தாத்தாவின் தோட்ட டிராக்டர் ஓடிய கதை

போன சனிக்கிழமை காலை தாத்தாவின் டிராக்டர் 11 நிமிடம் ஓடியது. பெரியப்பா பக்கத்தில் நிற்க, நானே கைப்பேசியில் நேரம் பார்த்தேன். சந்தோஷம்தான். ஆனால் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கோளாறு ஒரு கண்டன்சரில், அதாவது பிளக்கில் பொறி வரவைக்கும் மின்சுற்றில் இருக்கும் சின்ன மின்தேக்கியில் இருந்தது. சென்னையில் அதன் விலை 90 ரூபாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதமும் 700 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேலும் ஆனது. இப்படி ஒரு பழைய பிரிட்டிஷ் இயந்திரம் உங்கள் கைக்கு வந்தால் நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் விளையாட்டுத் திடல்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பியபோது கழித்துப்போட்ட சாமான்களோடு இதையும் வாங்கினார். அப்புறம் லிம் சூ காங்கில் அவர் வேலைக்குச் சேர்ந்த பண்ணையிலேயே அது தங்கிவிட்டது. இரண்டு சக்கரம், நீண்ட கைப்பிடி, பின்னால் நடந்துகொண்டே ஓட்ட வேண்டும். செய்த கம்பெனியின் பெயர்த்தகடு எப்போதோ விழுந்துவிட்டது, ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. இன்ஜினில்தான் வில்லியர்ஸ் மார்க் 25 என்று படிக்க முடிந்தது. 2006க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இந்த வருடம் பண்ணையின் குத்தகை முடிகிறது. எடுத்துக்கொள்கிறாயா, இல்லை பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் கொடுத்துவிடவா என்று முதலாளியின் மகன் போனில் கேட்டார். யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் டிராக்டரை எங்கே வைப்பது? வெளித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அதனால் அந்த யோசனையே எடுபடவில்லை. டிராக்டரின் இரும்புச் சட்டத்தைப் பண்ணைக் கொட்டகையில் விட்டுவிட்டு, இன்ஜினை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலைப் பண்ணையிலேயே வடித்துவிட்டோம். வீட்டுக்குள் ஒரு சொட்டுகூடக் கொண்டுவராதீர்கள்.

கழற்றும்போதே முதல் தப்பு செய்தேன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் இயந்திரங்களில் இருப்பது விட்வொர்த் அளவு நட்டுகள். அந்த ஸ்பேனரில் கால் அங்குலம் என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் தடிமன், நட்டுத் தலையின் அகலம் இல்லை. கால் அங்குல விட்வொர்த் நட்டின் தலை சுமார் 13.3 மி.மீ. நம்மிடம் இருக்கும் 13 ஸ்பேனர் நுழையாது, 14 வழுக்கும். நான் 14ஐப் போட்டு அழுத்தி இரண்டு நட்டின் மூலைகளை மழுங்கடித்தேன். சுங்கை ரோடு சந்தை இருந்திருந்தால் பழைய விட்வொர்த் ஸ்பேனர் ஏதாவது அங்கே கிடைத்திருக்கும், அது 2017 ஜூலையோடு மூடிவிட்டது. ஜாலான் புசாரில் ஆறு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்பினேன். கடைசியில் இங்கிலாந்திலிருந்து ஒரு செட் வரவழைத்தேன், பொருள் சேவை வரியோடு 94 வெள்ளி. முதல் வேலையாக அதை வாங்கிவிடுங்கள். அதற்கு முன்னால் எதையும் திருகாதீர்கள்.

சிக்கிக்கொண்டிருந்த எக்சாஸ்ட் வால்வு மூன்று நாள் டீசல் ஊறலில் விட்டுக்கொடுத்தது. சைலன்சருக்குள் குளவிக்கூடு. டேங்கின் துரு வினிகரில் கரைந்தது. கார்புரேட்டரைப் பயந்துகொண்டே திறந்தேன். இத்தனை வருடத்தில் பெட்ரோல் கெட்டு உள்ளே பிசினாகப் படிந்திருக்கும் என்று நினைத்தால், துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஸ்பார்க் மட்டும் சரியில்லை. பிளக்கில் மெலிதாக, மஞ்சளாக ஒரு பொறி வரும், அடுத்த இழுப்பில் வராது. காந்தங்கள் பொருத்திய பிளைவீலுக்குப் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்) பின்னால்தான் பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவும், அந்த மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிக்கும் பாயின்ட்டும் இருக்கின்றன. பிளைவீலைக் கழற்றத் தைரியம் வராமல் சுங்கை காடுட்டில் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போனேன். பட்டறைக்காரர் பழைய மோட்டார் சைக்கிள் எல்லாம் பார்ப்பவர், நம்பிக்கையாகப் பேசினார். அந்த நம்பிக்கைதான் எனக்கு வினையாகப் போனது.

வில்லியர்ஸ் பிளைவீலின் நடு நட்டு சாதாரண நட்டு இல்லை, அதுவே பிளைவீலை இழுத்து எடுக்கும் கருவி. திருப்பினால் முதலில் தளரும். கொஞ்சம் சுற்றியதும் மறுபடி இறுகும். பயந்து நிறுத்திவிடக் கூடாது. அந்த இறுக்கத்திலேயே ஸ்பேனரை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் பிளைவீல் டொக்கென்று விடுபடும். பட்டறைக்காரருக்கு இது தெரியவில்லை. நட்டு மறுபடி இறுகியதும் மரை கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, விளிம்பில் புல்லரைப் போட்டு இழுத்திருக்கிறார். காற்றடிக்கும் இறக்கைகளில் ஒன்று உடைந்துவிட்டது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனால் பிளைவீல் தனியாக ஒரு தட்டில் கிடக்கிறது, உடைந்த துண்டைக் காணோம். காந்தம் செத்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி 180 வெள்ளி வாங்கிக்கொண்டார். ரசீதில் "சோதனைக் கட்டணம்" என்று எழுதியிருந்தது. இறக்கையைப் பற்றிக் கேட்டபோது, வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். கொடுப்பதற்கு முன் நான் ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. நீங்கள் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் நான்கு பக்கமும் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பிளைவீலை இன்ஜினிலிருந்து பிரித்து, குறுக்கே ஓர் இரும்புத் துண்டுகூட வைக்காமல் நாள்கணக்கில் போட்டால் இந்தப் பழைய காந்தங்கள் வலு இழக்கும் என்று படித்திருந்தேன். அதனால் அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். இங்கிலாந்தில் மறுபடி காந்தம் ஏற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். சரி, அனுப்புவோம் என்று பொட்டலம் கட்டினேன்.

அடுத்த ஒரு மாதம் கூரியர் முகப்பில் போனது. முதல் நாள் உள்ளே என்ன என்று கேட்டார் அங்கிருந்த பெண். காந்தம் உள்ள பிளைவீல் என்று உண்மையைச் சொன்னேன். பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள் வேண்டும் என்றார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய இரும்புச் சக்கரத்துக்கு யார் தாள் கொடுப்பார்கள்? நானே ஒரு விளக்கக் கடிதம் தயாரித்து, அரைநாள் விடுப்பு எடுத்து, உட்லண்ட்சிலிருந்து சாங்கி வரை மறுபடி போனேன். கம்பெனிக் கடிதத்தாளில் இருக்க வேண்டும் என்று அதே பெண் திருப்பி அனுப்பினார். நண்பர் ஒருவரின் கம்பெனி மூலம் அதையும் வாங்கிக்கொண்டு மூன்றாவது முறை போனால் முகப்பில் வேறொருவர். காந்தப் பொருளைத் தனிநபரிடமிருந்து வாங்கவே மாட்டோம் என்றார். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு விடுப்பு மிஞ்சியிருக்கும்.

விதி இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. விமானச் சரக்கில் வலுவான காந்தம் ஆபத்தான பொருட்களின் வரிசையில் வருகிறது, விமானத்தின் திசைகாட்டியை அது பாதிக்கலாம் என்பதுதான் காரணம். பொட்டலத்திலிருந்து 2.1 மீட்டர் தள்ளி ஒரு திசைகாட்டியை வைத்துப் பார்ப்பார்கள். முள் இரண்டு பாகைக்கு மேல் திரும்பாவிட்டால் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்கே இரும்புத் தகடு கொடுத்துக் கட்டி, வீட்டிலேயே இதைச் சோதித்துவிட்டு, தனிநபர் அனுப்பலாமா என்று முதலில் போனில் கேளுங்கள்.

மனசு விட்டுப்போய், பண்ணையில் மிச்சமிருந்த சட்டத்தை எடுக்கப் போனேன். டெயில்கேட் லாரியோடு உதவிக்கு வந்த தம்பி அறந்தாங்கிக்காரர். இன்ஜினின் படத்தைக் காட்டினேன். "அண்ணே, இது வில்லியர்ஸ்ல? எங்க சித்தப்பா பம்புசெட்டுக்கு இதைத்தான் வச்சிருந்தாரு" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. பிறகு தேடிப் பார்த்தால் அது உண்மைதான். எண்பீல்டு இந்தியா நிறுவனம் வில்லியர்ஸ் வகை இன்ஜின்களைச் சென்னையில் தயாரித்திருக்கிறது. நான் இங்கிலாந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், சாமான் நம் ஊர்ப் பக்கமே இருந்திருக்கிறது.

அந்தத் தம்பியிடம் காந்தக் கதையைச் சொன்னேன். "காந்தம் அவ்ளோ சீக்கிரம் போகாதுண்ணே. பாயின்ட் கருகியிருந்துச்சா? அப்ப கண்டன்சரை மாத்திப் பாருங்க" என்றார். பாயின்ட் கருகித்தான் இருந்தது. அன்று இரவு பிளைவீல் காந்தத்தில் ஒரு ஸ்குரூடிரைவரை ஒட்ட வைத்தேன். பிடுங்குவதற்கு இரண்டு கை தேவைப்பட்டது. செத்துப்போன காந்தம் இப்படிப் பிடிக்குமா? பட்டறையில் யாரும் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

சென்னையில் இருக்கும் அத்தை மகன் புதுப்பேட்டையில் தேடினான். மூன்றாவது கடையிலேயே பாயின்ட் செட்டும் கண்டன்சரும் கிடைத்தன. கடைக்காரர் மாடலைக்கூடக் கேட்கவில்லையாம், படத்தைப் பார்த்ததும் உள்ளே போய் எடுத்துவந்தாராம். அடுத்த வாரம் இங்கே வந்த உறவினரின் கைப்பையில் அவை வந்து சேர்ந்தன.

உங்களுக்கு அதே கண்டன்சர்தான் வேண்டும் என்பதில்லை. பழைய பாயின்ட் வைத்த மோட்டார் சைக்கிளின் கண்டன்சர், 0.2 மைக்ரோபாரட் பக்கம் இருந்தால் போதும். பழையதைத் துண்டித்துவிட்டுப் புதியதை வெளியே, சூடு படாத இடத்தில் மாட்டுங்கள். நம் வெக்கையில் அதுதான் நல்லது. பாயின்ட் இடைவெளியை 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. வைத்தேன். பிளக்கை இன்ஜின் தலையில் சாய்த்து வைத்து இழுத்தேன், சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் நீலமாக, தடியாகப் பொறி வந்தது. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சுங்கை தெங்காவில் செடி நர்சரி வைத்திருக்கும் பெரியப்பாவின் நண்பர் டிராக்டரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். இன்ஜினை அங்கே கொண்டுபோய் மாட்டினோம். பெட்ரோல் வாங்கப் பிளாஸ்டிக் புட்டியோடு போய் ஒரு முறை திரும்பினேன். ஊற்ற மாட்டேன் என்று நிலையத்து ஊழியர் சொன்னது நியாயம்தான், முறையான உலோகக் கேன் எடுத்துப் போங்கள். உடைந்த இறக்கைக்கு நேர் எதிரே இருந்த இறக்கையையும் அதே அளவுக்கு அறுத்தேன். அறுக்கும்போது மனசு கனத்தது, ஆனால் எடை சமமாக இல்லாமல் சுழன்றால் பேரிங் போய்விடும்.

வண்ணம் அடிக்கப் போவதில்லை. இடது கைப்பிடியில் தாத்தா பற்றவைத்த தழும்பும், அதன்மேல் அவர் சுற்றிய கம்பியும் அப்படியே இருக்கும்.

ஸ்டார்ட் செய்யும் கயிற்றைப் பெரியப்பா வீட்டிலிருந்தே கொண்டுவந்தார், மரப்பிடி போட்ட தாத்தாவின் கயிறு. அதைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், இன்ஜின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். நான் ஆறு முறை இழுத்தும் வரவில்லை. "தள்ளுப்பா" என்று பெரியப்பா கார்புரேட்டரின் மேல் இருக்கும் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசியும் வரை அழுத்திவிட்டு இழுத்தார். அவருக்கு வயது 74. இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது.

கியர்பெட்டியின் ஆயில் சீல் ஒழுகுகிறது. அது அங்குல அளவு, இங்கே கிடைப்பதெல்லாம் மில்லிமீட்டர். அதற்கும் புதுப்பேட்டைக்கு அளவு அனுப்பியிருக்கிறேன்.

பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தலாம் என்று சுவிட்சைத் தேடினேன். பெரியப்பா என் கையைத் தடுத்து, டேங்கின் அடியில் இருந்த பெட்ரோல் குழாயைத் திருகி மூடினார். கார்புரேட்டரில் மிச்சமிருந்ததை எல்லாம் குடித்து முடிக்கும் வரை இன்ஜின் இன்னும் ஒரு நிமிடம் ஓடி, தானாக நின்றது. "அப்பா ஒரு நாளும் சுவிட்சில் நிறுத்த மாட்டாரு" என்றார்.