முகம் திருப்பிய கடவுள்

மித்ராஸ் என்னும் கடவுளை வழிபட்டவர்களின் வேதநூல் என்று எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ரோமப் பேரரசின் படைவீரர்களும் அடிமைகளும் வணிகர்களும் நிலவறைக் கோயில்களில் கூடி நம்பியது என்ன என்பதை அறிய, இன்று நாம் பெரும்பாலும் அவர்கள் செதுக்கிய கற்களையே கேட்க வேண்டியிருக்கிறது.

அக்கற்களில் மீண்டும் மீண்டும் வருவது ஒரே காட்சி. கூம்புத் தொப்பியணிந்த மித்ராஸ், காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, இடக்கையால் அதன் மூக்கைப் பிடித்திழுத்து, வலக்கையால் தோளருகே கத்தியைப் பாய்ச்சுகிறார். நாயும் பாம்பும் குருதியை நோக்கித் தாவ, தேள் விதைப்பையைக் கவ்வ, காளையின் வால்நுனியோ கோதுமைக் கதிராக முளைத்திருக்கிறது. சாவிலிருந்து விளைச்சல் பிறப்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன உளியை நான் கண்டதில்லை. ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைப்பது மித்ராஸின் முகம். பெரும்பாலான கற்களில் அவர் தாம் கொல்லும் விலங்கைப் பார்ப்பதில்லை. தோளுக்கு மேலே, மூலையில் இருக்கும் சூரியனை நோக்கித் திரும்பியிருக்கிறார்.

அந்தப் பார்வை எங்கே கொண்டுசெல்கிறது என்பதை, ரோமுக்கு வடக்கேயுள்ள ஃபியானோ ரொமானோவில் கிடைத்து இப்போது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இருபுறச் சிற்பம் காட்டுகிறது. முன்புறம் காளைவதை, பின்புறத்தில் அதே காளையின் தோலை விரித்து, மித்ராஸும் சூரியனும் அருகருகே சாய்ந்து விருந்துண்கிறார்கள். விளக்கொளியில் வழிபாடு நடக்கும்போது இத்தகைய கல்லைத் திருப்பிக் காட்டியிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. ஜெர்மனியின் ஓஸ்டர்புர்கனில் 1861-இல் கிடைத்த பெரிய சிற்பமோ ஒரே முகத்தில் எல்லாவற்றையும் அடக்குகிறது: நடுவே வதை, சுற்றிலும் மித்ராஸ் பாறையிலிருந்து பிறப்பது முதலான கதைகள் சிறுசிறு கட்டங்களாக.

கோயிலின் இருபக்கச் சுவர்களையும் ஒட்டி நீண்ட திண்ணைகள் உண்டு. அடியார்களும் அவற்றில் சாய்ந்தே உண்டார்கள். அந்தக் குறுகிய அறைகளுக்குள் காளையை வெட்ட இடமிருந்திருக்காது; பெல்ஜியத்தின் டீனென் ஊரில் மித்ராஸ் கோயிலருகே தோண்டிய குழிகளில் கிடைத்தவை, ஒரு பெருவிருந்தில் மிஞ்சிய நூற்றுக்கணக்கான கோழிகளின் எலும்புகள்.